ஈரலுக்கு வந்த கெட்ட பேரு

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ராயபுரம் போயி வயித்த ஸ்கேன் எடுத்துகினு வூடு திரும்பணும்.

வெறும் வயித்துல போவணும். தண்ணி நெறைய குடிக்கணும். குடிச்சிட்டு ஒண்ணுக்குப் போவாம அடக்கிகினு இருக்கணும். இந்த எடத்துல தண்ணின்னா நெஜமாவே தண்ணி. அந்தத் தண்ணியாலதான் இந்தத் தண்ணி.

நான் மாத்தூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை பாக்குறேன். கன்டெய்னர அப்படியே அலேக்கா தூக்கி அடுக்குமே ஒரு பெரிய வண்டி, அது ஓட்டுறவன். வருஷா வருஷம் கம்பெனியில ரத்தம் எடுப்பாங்க, கண்ணு பாப்பாங்க, நல்லா கீற போன்னு அனுப்பிடுவாங்க. இந்த வாட்டி எல்லாரையும் அனுப்பிட்டு என்னை மட்டும் திரும்பக் கூப்ட்டாங்க.

கம்பெனி டாக்டர் ரொம்ப மரியாதையான மனுஷன். கல்லீரல்லேர்ந்து வர்ற என்சைம் ரெண்டும் ஏறிக் கெடக்குதுன்னாரு. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு ஏதோ பஸ் ரூட்டு மாதிரி பேரு சொன்னாரு. அப்பால குடிப்பீங்களான்னு கேட்டாரு.

"கேஷுவலா சார்"னேன்.

"கேஷுவலான்னா?"

சம்பளம் வந்தா ஒரு பீருன்னேன். எழுதினாரு. அப்பால கல்யாணம், காதுகுத்துன்னேன். அதையும் எழுதினாரு. கிரிக்கெட்டுல ஜெயிச்சா ஃப்ரெண்ட்ஸுங்க கூப்புடுவாங்கன்னேன். தோத்தா என்ன பண்ணுவீங்கன்னாரு. தோத்தா மனசு கஷ்டமா இருக்கும்ல சார், அப்பவும் கூப்புடுவாங்கன்னேன். மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணுன்னு நானே வாயக் குடுத்துட்டேன்.

டாக்டர் பேனாவ மூடி வெச்சாரு. "குடிக்காத நாளைச் சொல்லுங்க. எழுத ஈஸியா இருக்கும்"னாரு.

உண்மையச் சொல்லணும்னா நான் குடிக்கறது கம்மிதான். தின்றதுதான் ஜாஸ்தி. நாலு பேரு ஒக்காந்தா மூணு பேரு குடிப்பாங்க, நாலு பேரு சைடு டிஷ்ஷையும் நான் தின்னுடுவேன். சிக்கன் பகோடா, முட்டை பொரியல், வறுத்த கடலை. பீரு அரை பாட்டில்ல நிக்கும், தட்டு மட்டும் கழுவி வெச்ச மாதிரி இருக்கும். இதையும் டாக்டர்கிட்ட சொன்னேன், ஒரு ஆறுதலுக்கு. அவரு என் தொப்பையப் பாத்துட்டு, தெரியுதுன்னாரு.

ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, அது வரைக்கும் வண்டியில ஏற வேணாம்னு சொல்லிட்டாரு.

அங்கதான் அடி வுழுந்துச்சு. மறுநாள்லேர்ந்து கீழ நின்னு கன்டெய்னர் நம்பர் படிச்சுச் சொல்ற வேலை. எங்கிட்ட தொழில் கத்துகினவன் மேல ஒக்காந்துகினு, "அண்ணே ஓரம் போ"ன்னு என்னைப் பாத்து ஹாரன் அடிக்கிறான். ஸ்கேன் நல்லபடியா வரலன்னா இதுவே நிரந்தரம் ஆயிடுமோன்னு பயம்.

இதுல வூட்ல சொல்ல முடியாத ஒரு சிக்கல் இருந்துச்சு. சிக்கலோட பேரு ஏகாம்பரம். என் மாமனாரு.

மாமா திருவொற்றியூர் கடலோரம், எங்க வூட்டுக்குப் பக்கத்துலியே ஒரு குப்பத்துல தலைவரு. அந்தக் காலத்துல போட்டுல போயி மீன் புடிச்சவரு, இப்ப கோயில் வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்து பஞ்சாயத்து பண்றவரு. குடின்னா அவருக்கு ஆவாது. குப்பத்து முனையில இருந்த சரக்குக் கடைய, பொம்பளைங்கள சேத்துகினு ரோட்டுல ஒக்காந்து போராடி, அங்கேர்ந்து தூக்க வெச்சவரு. பொண்ணு பாக்கப் போனப்ப எங்கிட்ட வேலை, சம்பளம், சொந்த வூடு எதுவும் கேக்கல. குடிப்பீங்களான்னு மட்டும்தான் கேட்டாரு.

இல்ல மாமான்னேன். அன்னிக்கு அது உண்மை. அதுக்கு முந்தின நாள்தான் விட்டிருந்தேன்.

அவரு பொண்ணு மேகலா, என் சம்சாரம், இன்னிய வரைக்கும் அந்த பதில நம்பிகினு இருந்தா. அதனால திருவொற்றியூர்ல ஸ்கேன் எடுக்கறது நடக்காத கத. ஒரு ரிக்‌ஷா ஸ்டாண்டு, ஒரு மீன் கூடை தாண்டறதுக்குள்ள தெரிஞ்சவன் நாலு பேரு மாட்டுவான். ராயபுரம்னா நம்மள யாருக்குத் தெரியும்?

காலையில மேகலா இட்லியும் நேத்து வெச்ச வஞ்சிர மீன் கொழம்பும் எடுத்து வெச்சா. நேத்து வெச்ச மீன் கொழம்பு. அத வேணாம்னு சொல்ற நெலமை விரோதிக்கும் வரக் கூடாது. யார்டுல சேஃப்டி மீட்டிங்கு, நாஸ்டா அங்கியே குடுப்பாங்கன்னு சொன்னேன். அவ என் மூஞ்சியவே பாத்தா. சோத்த நான் வேணாம்னு சொல்லி அவ அது வரைக்கும் கேட்டதில்ல.

ராயபுரத்துல அந்த ஸ்கேன் சென்டரு மாடியில இருந்துச்சு. கவுன்ட்டருல இருந்த பொண்ணு ஒரு பெரிய பாட்டில காட்டி, தண்ணி குடிச்சிட்டு முட்டுதுன்னா சொல்லுங்கன்னா. குடிச்சேன். முட்டுதுன்னேன். டாக்டரம்மா டிராஃபிக்ல மாட்டிகினாங்க, கொஞ்சம் அடக்கிக்கங்கன்னா. இத முதல்லியே சொல்லிருந்தா நான் முதல் மொடக்குலயே நிறுத்தியிருப்பேன்.

காலு மேல காலு போட்டு, மேல ஃபேன் சுத்தறத எண்ணிகினு ஒக்காந்திருந்தேன். பக்கத்து சேர்ல ஒருத்தரு வந்து ஒக்காந்தாரு. மூஞ்சியில மாஸ்க்கு, தலையில துண்டு, கண்ணுல கூலிங் கிளாஸ். கவுன்ட்டர் பொண்ணுகிட்ட கொரல தாழ்த்தி, "கண்ணு, பேர சத்தமா கூப்டாத. கைய காட்டு, நானே வரேன்"னாரு.

அந்தக் கொரல நான் எங்க கேட்டாலும் எந்திரிச்சி நின்னுடுவேன். நின்னுட்டேன். நின்னா இன்னும் மோசமா முட்டுச்சு, ஒக்காந்துட்டேன்.

"மாமா?"

அவரு கூலிங் கிளாஸ எறக்கிப் பாத்தாரு. அப்பால ஒரே நேரத்துல ரெண்டு பேரும் ஒரு ஃப்ரெண்ட பாக்க வந்தோம்னு சொன்னோம். ரெண்டு பேரு மடியிலயும் தண்ணி பாட்டில் இருந்துச்சு.

மாமாதான் முதல்ல ஒடஞ்சாரு. கோயில் திருவிழாவுக்கு அவரே ஏற்பாடு பண்ண மெடிக்கல் கேம்ப்பாம். ஊசின்னா ஜனங்க பயப்படுதேன்னு, தைரியம் காட்ட முதல் ஆளா கைய நீட்டியிருக்காரு. ரிசல்ட்டு வந்தா, குப்பத்துலயே இவருக்குத்தான் ஈரல் கணக்கு ஏறிக் கெடக்குது. கேம்ப்புக்கு வந்த டாக்டரு இவர தனியா கூப்ட்டு, ஃபேட்டி லிவரா இருக்கலாம், ஸ்கேன் எடுங்கன்னு சொல்லிருக்காரு.

"நான் ஒரு சொட்டு தொட்டதில்ல மாப்ள. உங்களுக்கே தெரியும். ஆனா ஈரல் கெட்டுப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் நம்புவான்? பகல்ல கடைய மூட சொல்லிட்டு ராத்திரி ஊத்திகிறான்னு சொல்ல மாட்டான்?"

கடல்ல புயல பாத்தவரு, ஒரு ஸ்கேனுக்கு ராயபுரம் வரைக்கும் மூஞ்சிய மூடிகினு வந்திருக்காரு. எனக்கு நெஜமாவே கஷ்டமா போச்சு.

அப்பால அவரு கேட்டாரு, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு. நான் கொஞ்சங்கூட யோசிக்கல. உங்கள மாதிரியேதான் மாமா, குடிக்காமலே வந்துடுச்சுன்னேன். மாமா என் தோள்ல கைய வெச்சி, நம்ம குடும்பத்துக்கு மட்டும் ஏன் இப்படின்னாரு.

அந்தக் கை தோள்ல ரொம்ப நேரம் தங்கல. டாக்டரம்மா வந்துட்டாங்க.

லேட் ஆனதால நேரத்த மிச்சம் பண்றேன்னு, அடுத்த ஆளையும் உள்ள கூப்ட்டு ஒரு ஸ்கிரீன் துணிக்கு அந்தப் பக்கம் ஒக்கார வெச்சாங்க. இந்தப் பக்கம் நான் சட்டையத் தூக்கிகினு படுத்துகினு இருக்கேன். அந்தப் பக்கம் அடுத்த ஆளு. அடுத்த ஆளு மாமா.

வயித்துல ஜில்லுனு ஒரு ஜெல்லத் தடவி, டாக்டரம்மா கருவிய வெச்சி உருட்டுனாங்க. மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க. அப்பால சாதாரணமா கேட்டாங்க, குடிப்பீங்களா?

துணியப் பாத்தேன். இல்ல மேடம்னு மெதுவா சொன்னேன்.

அவங்க கருவிய அப்படியே எறக்கி அடிவயித்துல வெச்சி அமுக்குனாங்க. "காதுல விழல. குடிப்பீங்களா?"

அந்த எடத்துல, அந்த நெலமையில, அந்த மாதிரி அமுக்குனா எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் உண்மை வந்துடும். எதையாவது ஒண்ண வெளிய விட்டே ஆவணும், உண்மைய விட்டேன். "பீரு மேடம். மாசத்துக்கு ரெண்டு. நாலு. கல்யாணம் வந்தா மட்டும் ஹாட்டு, பிராந்தி."

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டைய செருமுனாங்க.

டாக்டரம்மா எதையும் கவனிக்கல. கிரேடு ஒன் ஃபேட்டி லிவர், இப்பவே உஷாரா இருந்தா சரி பண்ணிடலாம்னு சொல்லி, தொடச்சிக்க டிஷ்யூ குடுத்தாங்க. நான் துணிய வெலக்கிகினு வந்தேன். மாமா என்னப் பாக்கல. எந்திரிச்சி உள்ள போனாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாங்க போங்கன்னு பேசுறவரு, தாண்டிப் போறப்ப வாயத் தொறக்காம சொன்னாரு: "வெளிய நில்லு. வரேன்."

வெளிய எங்க நிக்கறது. ஓடுனேன் பாத்ரூமுக்கு. ஒரே பாத்ரூம், உள்ள ஆளு. கதவுல தலைய முட்டிகினு நின்னுகினு இருக்கேன், மாமாவும் வந்துட்டாரு. மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருந்துச்சு. அவருக்கு கிரேடு டூ.

கேட்டுகிங்க. மாசத்துக்கு நாலு பீரு குடிக்கறவனுக்கு கிரேடு ஒன். ஜென்மத்துல மோந்து பாக்காதவருக்கு கிரேடு டூ. குடிக்கறதில்லன்னு ரிப்போர்ட்டுல எழுதிக் குடுங்கம்மான்னு கெஞ்சியிருக்காரு. ஸ்கேன்ல ஈரல்தான் தெரியும், ஒழுக்கம் தெரியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம்.

அப்பத்தான் பாத்ரூம் கதவு தொறந்துச்சு. உள்ளேர்ந்து வந்தது அஞ்சலை அக்கா.

அஞ்சலை அக்கா எங்க மாமா குப்பத்துல மீன் விக்கறவங்க. கூடைய தலையில வெச்சா திருவொற்றியூர்லேர்ந்து எண்ணூரு வரைக்கும் தெருத்தெருவா போவாங்க. மீனும் போவும், சேதியும் போவும். அன்னிக்கு முழுகாம இருக்கற மருமகள ஸ்கேனுக்குக் கூட்டினு வந்திருக்காங்க.

"இன்னா தலைவரே, மாமனாரும் மருமவனும் ஜோடியா கீறீங்க?"ன்னாங்க.

சும்மாதான் அஞ்சலன்னு மாமா சொல்லி முடிக்கல. கவுன்ட்டர் பொண்ணு அங்கேர்ந்து, லிவர் ஸ்கேன் ரெண்டு பேரும் ரிப்போர்ட்ட வாங்கிகினு போங்கன்னு கொரல் குடுத்துச்சு. பேர சொல்லல. அந்த வாக்க மட்டும் காப்பாத்திச்சு.

அஞ்சலை அக்கா கண்ணு பெருசாச்சு. மாமாவப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, திரும்ப மாமாவப் பாத்தாங்க.

மாமா என் தோள்ல கைய வெச்சாரு. இந்த வாட்டி வேற மாதிரி. "மாப்ளைக்கு கொஞ்சம் பழக்கம் கீது அஞ்சல. ஈரல்ல புடிச்சிகிச்சு. வூட்டுக்குத் தெரியாம நான்தான் தூக்கினு வந்து காட்டுறேன். நம்ம புள்ளைய நாமதான் பாத்துக்கணும்."

நான் மறுத்துப் பேசியிருக்கணும். மாமாவுக்குத்தான் கிரேடு டூன்னு சொல்லியிருக்கணும். ஆனா பாத்ரூம் கதவு தொறந்து கீது, நான் நின்ன நெலமை அப்படி. உள்ள ஓடிட்டேன். நான் வெளிய வர்றதுக்குள்ள கேஸ் முடிஞ்சிடுச்சு. அஞ்சலை அக்கா எனக்காக கண்ண தொடச்சிகினு இருந்தாங்க.

என் பைக்குலதான் ரெண்டு பேரும் திரும்பினோம். எண்ணூரு போற ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க வழக்கம்போல வரிசை கட்டி நிக்குது, நடுவுல பூந்து பூந்து போறேன். வழியில ஒரு எடத்துல மாமா பின்னாலேர்ந்து, கல்யாணத்துல ஹாட்டான்னு கேட்டாரு. ஒண்ணு ரெண்டு மாமான்னேன். நம்ம வூட்டுக் கல்யாணத்துலயுமான்னாரு. நான் ஹாரன் அடிச்சேன்.

லாரிங்க நடுவுல நாங்க மாட்டிகினு இருந்த நேரத்துல சேதி ஃபோன்ல முந்திகினு போயிடுச்சு. வூட்டு வாசல்ல மேகலா நிக்கறா. பக்கத்துல அத்தை, என் மாமியாரு, முந்தானையால வாய மூடிகினு. அஞ்சலை அக்கா சொன்னது கொஞ்சம் பழக்கம்தான். குப்பத்துக்கு வந்து சேந்தப்ப அது ஈரல் வெந்து போச்சுன்னு ஆயிருந்துச்சு. எங்க தெரு முனைக்கு வர்றப்ப எனக்கு ஆபரேஷனே முடிஞ்சிடுச்சு.

மேகலா கத்துவான்னு நெனச்சேன். கத்தல.

"இட்லிய வேணாம்னு சொன்னப்பவே ஏதோன்னு நெனச்சேன். குடிச்சது கூட இருக்கட்டும்யா. உனக்கு ஒடம்பு சரியில்லன்றத அஞ்சலக்கா சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?"

அவ உள்ள போயி மீன் கொழம்ப சூடு பண்ணி வெச்சிட்டு, சாப்புடுன்னு மட்டும் சொன்னா. நான் திங்கற வரைக்கும் எதிர்ல ஒக்காந்து வயித்துப் பக்கமே பாத்துகினு இருந்தா. அந்தக் கொழம்பு தொண்டையில எறங்கல. எறங்கலன்னாலும் ரெண்டு வாட்டி வாங்கினேன்.

சாயங்காலத்துலேர்ந்து ஜனம் வர ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தரு எளநீ. ஒருத்தரு கீழாநெல்லிய அரச்சி சொம்புல. பக்கத்து வூட்டுக்காரரு, நான் இதுவரைக்கும் கூடச் சேந்து குடிச்ச மனுஷன், எதுவுமே தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சிகினு வந்து, குடி குடும்பத்தையே அழிச்சிடும் தம்பின்னு சொல்லிட்டுப் போனாரு. வாயில ஏலக்கா வாசன.

மறுநாள் மேகலா என்னைக் கூட்டினு, எங்க தெரு கிளினிக்ல ஒரு டாக்டர்கிட்ட போனா. மாமாவும் வரேன்னாரு. மாப்ளைக்குப் பொறுப்பா ஒரு ஆம்பள கூட வேணும்னு காரணம் சொன்னாரு.

டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு பொறுமையா சொன்னாரு. ஃபேட்டி லிவர்னா ஈரல்ல கொழுப்பு சேர்றது. குடி ஒரு காரணம், குடி மட்டுமே காரணம் இல்ல. சக்கரை, மைதா, எண்ணெய்ப் பலகாரம், தொப்பை, நடக்காம ஒக்காந்தே இருக்கறது, எல்லாம் சேந்துதான். இந்த நெலமையில கேஷுவல்னு ஒரு கணக்கே கெடையாது, குடிய சுத்தமா விடணும், எடைய கொறைக்கணும். சொம்பு சொம்பா பச்சிலை எதையும் கேக்காம குடிக்காதீங்கன்னும் சொன்னாரு.

நான் தலைய ஆட்டுனேன். மாமா என்ன விட வேகமா ஆட்டுனாரு. அப்பால சந்தேகம் கேக்க ஆரம்பிச்சாரு, எல்லாம் மாப்ளைக்காக.

"மாப்ள டீயில சக்கரை தூக்கலா போடுவாரு. அது ஆவுமா டாக்டர்?"

ஆவாதுன்னாரு. நான் டீயே குடிக்கறதில்ல.

"சாயங்காலம் பஜ்ஜி?" ஆவாது. "ராத்திரி பரோட்டா?" ஆவாது. மாமாவோட கொரல் எறங்கிகினே வந்துச்சு. கடைசியா ஒண்ணு கேட்டாரு. "அப்ப இந்த கலர்? பாட்டில்ல விக்குதே கூல் டிரிங்க்கு. யாராவது ஒருத்தன் குடிய விட்டுட்டு வந்தா, அவனுக்கு ஒரு கலர் வாங்கிக் குடுத்து, கூட ஒக்காந்து மாப்ளையும் ஒண்ணு குடிப்பாரு. ஒரு மரியாதைக்கு. நெறைய பேரு விட்டுட்டானுங்க டாக்டர்."

டாக்டர் என்னைப் பாத்தாரு. அப்பால மாமாவப் பாத்தாரு. மாமா சட்டை பட்டன் ரெண்டும் தொப்பையில இழுத்துகினு நிக்குது. பெரியவரே, கொஞ்சம் அந்த எடை மெஷின்ல ஏறுங்கன்னாரு.

மாமா ஏறுனாரு. அங்கியே நின்னுகினு, எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கேம்ப்பு, ராயபுரம், கூலிங் கிளாஸ், கிரேடு டூ. ஊரு ஜனத்த திருத்துன ஒவ்வொரு பாட்டிலும் இவரு ஈரல்ல போயி ஒக்காந்திருக்கு.

மேகலா வெளிய வந்து கிளினிக் படியில நின்னா. "இவரு குடிக்கறாரு. அத நான் பேசிக்கறேன் நைனா. ஆனா உன் ஒடம்ப எங்கிட்டேர்ந்து மறச்சியே. இவரு மேல சாக்கு போட்டுட்டு நீ வைத்தியமே பாக்காம இருந்திருப்ப, அதான?"

மாமா துண்ட எடுத்து மூஞ்சிய தொடச்சிகினாரு. தப்புதாம்மான்னாரு. என் பக்கம் திரும்பி, வர்ற ஞாயித்துக்கெழம கோயில் கூட்டத்துல சொல்லிடறேன் மாப்ளன்னாரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சி போச்சு. வேணாம் மாமான்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ரொம்ப அழுத்திச் சொல்லல.

ஞாயித்துக்கெழம குப்பத்துல எல்லாரும் கோயில் வாசல்ல கூடுனாங்க. நான் குளிச்சி, வெள்ள சட்ட போட்டுகினு, முன்னால போயி ஒக்காந்தேன். மானம் திரும்ப வர்ற அன்னிக்கு பின்னால ஒக்கார முடியுமா?

மாமா மைக்க புடிச்சாரு. "எனக்கும் ஈரல்ல கொழுப்பு கீது. மாப்ளைய விட எனக்குத்தான் ஜாஸ்தி. நான் குடிச்சதில்ல, தின்னு தின்னு வந்தது. அன்னிக்கு அஞ்சலையப் பாத்த பயத்துல மாப்ளைய காட்டிக் குடுத்துட்டேன். பேரு போயிடுமோன்ற பயம். மாப்ள நல்லவரு. நீங்களும் போயி செக் பண்ணிக்கங்க."

கூட்டத்துல ஒருத்தர ஒருத்தரு பாத்துகினாங்க.

அப்பால அஞ்சலை அக்கா எந்திரிச்சாங்க. கண்ணுல தண்ணி. "பாத்தீங்களா தலைவரோட மனச? குடிகார மருமவனோட மானத்தக் காப்பாத்த, தனக்கே நோவு கீதுன்னு ஊரு முன்னால சொல்றாரே. இப்படி ஒரு மனுஷன் எங்க கீறாரு?"

கைத்தட்டல் நிக்கவே இல்ல. மாமா மைக்குல, நெஜமா எனக்குத்தான் நோவு, நெஜமான்னு சொல்ல சொல்ல, கைத்தட்டல் ஏறிகினே போவுது. யாரோ ஓடிப் போயி ஒரு பொன்னாட எடுத்துகினு வந்து அவருக்குப் போத்துனாங்க. இன்னொருத்தரு ஐஸ் பெட்டியிலேர்ந்து ஒரு கலரு பாட்டில ஒடச்சி கையில குடுத்தாரு. மாமா அந்த பாட்டிலயும் என்னையும் மாறி மாறி பாத்தாரு. பாவம், அத அப்படியே பக்கத்துல வெச்சிட்டாரு. தலைவரு துக்கத்துல கலர் கூட தொடலன்னு அதுக்கு வேற நாலு பேரு அழுதாங்க.

எனக்கு யாரும் எதுவும் போத்தல. ஒரு போட்டுக்காரரு மட்டும் கிட்ட வந்து, என் வெள்ள சட்டைய ஒரு வாட்டி பாத்துட்டு, இப்படி ஒரு மாமனாரு கெடச்சதுக்காவது இனிமே திருந்து தம்பின்னு சொல்லிட்டுப் போனாரு.

அதுக்கப்பால நான் குடிய விட்டுட்டேன். பெரிய தியாகம்லாம் இல்ல. எவனும் கூப்புடறதில்ல. சரக்குக் கடை இருக்கற தெருவுல நான் பெட்ரோல் போட நின்னா கூட, வூட்டுக்கு ஃபோன் போயிடுது. சைடு டிஷ்ஷும் போச்சு. மேகலா இப்ப எனக்கும் மாமாவுக்கும் சேத்து ஒரே மாதிரி டப்பா கட்டுறா. கீரை, சுண்டல், கொழம்பு மீனு. வறுவல் கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே மொறப்பு.

காலையில மாமா வந்து எழுப்புவாரு. கடலோரமா ரெண்டு பேரும் நடப்போம். அவருக்கு மூச்சு வாங்கும், ஒக்காரலாமா மாப்ளன்னு கேப்பாரு. நான் கைய புடிச்சி இழுத்துகினு போவேன். பாக்கறவங்க, தலைவரு எப்படி மருமவன கையோட புடிச்சிகினு போறாரு பாருன்னு புள்ளைங்களுக்குக் காட்டுறாங்க. மாமா ஒவ்வொரு வாட்டியும் நின்னு, இல்லப்பா, இவருதான் என்ன இழுத்துகினு போறாருன்னு சொல்லுவாரு. அவங்க சிரிச்சிகினே கும்புட்டுட்டுப் போவாங்க.

போன வாரம் ரெண்டு பேரும் திரும்ப ரத்தம் குடுத்தோம். மாமாவுக்கு பாதி எறங்கியிருக்கு, இன்னும் நடக்கணுமாம். எனக்கு முழுசா எறங்கிடுச்சு. கம்பெனி டாக்டர் கை குடுத்து, நாளையிலேர்ந்து வண்டியில ஏறிக்கங்கன்னாரு.

ரத்தத்துல எல்லாம் நார்மல். குப்பத்துலதான் இன்னும் பேஷன்ட்டு.